அடுப்புப் புகையும் உங்கள் குழந்தையும்

மழை, பனிக் காலத்தில் கதவைச் சாத்தும் முன் கணவன் மனைவி இருவரும் அறிய வேண்டியவை



ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால் மேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் முதலில் நடப்பது என்ன? வாசலிலோ கொல்லைப்புறத்திலோ இருந்த விறகடுப்பு வீட்டுக்குள் வந்துவிடும். நனைந்த விறகு புகையும். சாரல் அடிக்கிறதென்று சன்னலைச் சாத்துவோம். கார்த்திகை போய் மார்கழி வந்தால் பனி. "பச்சைப்பிள்ளை இருக்கிற வீடு, வாடைக்காற்று பட்டா சளி பிடிச்சுக்கும்" என்று பெரியவர்கள் கதவையும் சாத்திவிடுவார்கள். குளிர் வெளியே நின்றுவிடும். புகை மட்டும் உள்ளே தங்கிவிடும்.

அந்தப் புகையைப் பற்றித்தான் இந்த வெளியீடு பேசுகிறது. இது மனைவிக்கு மட்டும் எழுதியது அல்ல. அடுப்பின் முன்னால் உட்காருவது அவராக இருக்கலாம். ஆனால் சுவரில் சன்னல் வைப்பது, விறகை வெட்டிக் காயப்போடுவது, கூரையில் ஏறி ஓடு நகர்த்துவது, சிலிண்டருக்குப் பணம் ஒதுக்குவது எல்லாம் இருவரும் கூடிப் பேசிச் செய்ய வேண்டிய காரியங்கள். ஆகவே இருவரும் சேர்ந்து படியுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

புகையில் என்ன இருக்கிறது?

விறகு, வரட்டி, தென்னை மட்டை, கரும்புத் தோகை, பருத்தி மார் எதுவானாலும் முழுவதுமாக எரிந்து தீர்ந்துவிடுவதில்லை. எரியாமல் மிஞ்சுவதுதான் புகை. அதில் முக்கியமாக இரண்டு கெடுதிகள் உண்டு.

முதலாவது, நுண்துகள். இது தலைமயிரின் தடிமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்குதான் இருக்கும். தூசியை மூக்கு தடுத்துவிடும். தும்மி வெளியே தள்ளிவிடும். இந்தத் துகளைத் தடுக்க முடியாது. நுரையீரலின் அடி ஆழம் வரை போய் அங்கேயே படிந்துவிடும்.

இரண்டாவது, கார்பன் மோனாக்சைடு என்ற வாயு. இதற்கு நிறம் கிடையாது, வாசனை கிடையாது. நம் இரத்தம் பிராணவாயுவைச் சுமந்து உடம்பெங்கும் கொண்டுபோகிறது அல்லவா? இந்த வாயு அந்த இரத்தத்தோடு பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான வலுவோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் பிராணவாயுவுக்கு இடமில்லை. புகை மண்டிய அடுப்பங்கரையில் தலை வலிப்பதும், கிறுகிறுப்பு வருவதும் பெரும்பாலும் இதனால்தான்.

காற்றில் நுண்துகள் எவ்வளவு இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டில் ஒரு வரம்பு சொல்லியிருக்கிறது. ஒரு கன மீட்டர் காற்றில் வருடச் சராசரியாக 5 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. விறகு எரியும் சன்னலில்லாத அடுப்பங்கரையில் சமைக்கும் நேரத்தில் இது நூற்றுக்கணக்கில் ஏறும். சில வீடுகளில் ஆயிரத்தைத் தாண்டும்.

வயிற்றுப் பிள்ளைக்கும் கைப்பிள்ளைக்கும் என்ன கெடுதி?

கர்ப்பிணி சுவாசிக்கும் காற்றே குழந்தைக்கும் காற்று. தாயின் இரத்தத்தில் பிராணவாயு குறைந்தால் கருவுக்கும் குறையும். குறைந்த எடையில் பிள்ளை பிறப்பதற்கும், வயிற்றிலேயே இறந்து பிறப்பதற்கும் புகை ஒரு காரணமாக இருக்கிறது. 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் பிள்ளை பால் குடிக்கத் திணறும், சீக்கிரம் உடம்பு குளிர்ந்துவிடும், நோயும் எளிதில் தொற்றும்.

பிறந்த பிறகு வரும் பெரிய ஆபத்து நிமோனியா என்ற நுரையீரல் காய்ச்சல். புகையுள்ள வீட்டில் வளரும் சிறு பிள்ளைகளுக்கு நுரையீரல் தொற்று வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரட்டிப்பு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாகவும், அவர்களில் 2,37,000-க்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் அது கணக்கிட்டது.

பெரியவர்களையும் புகை விடுவதில்லை. நாள்பட்ட இருமல், மூச்சிரைப்பு, கண்புரை, மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. பீடி தொடாத பெண்ணுக்கும் புகைக்கிறவரைப் போல நெஞ்சு கெட்டுப்போவது அடுப்பினால்தான்.

நம் தமிழ்நாட்டில் கண்டறிந்தது

இது எங்கோ வெளிநாட்டில் சொன்ன கதை அல்ல. 1980-களின் தொடக்கத்தில் கிர்க் ஸ்மித் என்ற அமெரிக்கப் பேராசிரியர் குஜராத் கிராமங்களில் சமையல் செய்யும் பெண்களோடு சிறு கருவிகளை அனுப்பி, அவர்கள் சுவாசிக்கும் புகையை அளந்தார். பிறகு நம் தமிழ்நாட்டுக் கிராம வீடுகளிலேயே சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்து டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் அளந்தார்கள். 2018-இல் வெளியான அவர்கள் ஆய்வில் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகள் 1,285 பேர் இருந்தார்கள். தாய் சுவாசிக்கும் காற்றில் நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால், பிறக்கும் பிள்ளையின் எடை சுமார் 4 கிராம் குறைவதாகத் தெரிந்தது. "நாலு கிராம்தானே" என்று நினைக்காதீர்கள். விறகுப் புகை வீட்டில் அந்தப் பத்து ஒருமுறை அல்ல, பலமுறை ஏறுகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் வேறு மூன்று நாடுகளிலும் சேர்த்து 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப்பேருக்குக் கர்ப்பம் தரித்த பிறகு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்துகள் விறகடுப்புக்காரர்களுடையதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. ஆனால் பிறந்த பிள்ளைகளின் எடை சொல்லும்படியாகக் கூடவில்லை என்று 2022-இல் முடிவு வெளியானது. இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? எடைக்குப் புகை ஒன்று மட்டும் காரணம் அல்ல. தாயின் சாப்பாடு, இரத்தசோகை, ஓய்வு எல்லாம் சேர்ந்தது. இரும்புச்சத்து மாத்திரையையும் பரிசோதனையையும் விட்டுவிடாதீர்கள். புகையைக் குறைக்கும் வேலையையும் ஏழாம் மாதம் வரட்டும் என்று தள்ளிப்போடாமல், கல்யாணமான கையோடு தொடங்குங்கள்.

குளிர் வந்தால் ஏன் கூடுகிறது?

குளிர் நாடுகளில் வெளியே உறைபனி கொட்டும். வீட்டை இறுக மூடிக் கணப்புப் போட்டால்தான் பிழைக்க முடியும். அங்கேயும் புகை போக வழியும் புதுக்காற்று வர வழியும் வைத்துத்தான் வீடு கட்டுகிறார்கள். நம் பக்கம் மார்கழி, தை மாத விடியலில்கூட 20 டிகிரிப் பக்கம்தான் நிற்கிறது. இந்தக் குளிருக்குக் காற்றே புகாமல் வீட்டை அடைக்கத் தேவையில்லை. ஒரு போர்வை போதும்.

கொடைக்கானல், ஊட்டி போன்ற மலை ஊர்களுக்குப் போனவர்கள் குளிர் தாங்காமல் அறைக்குள் கரியடுப்பை வைத்து, கதவைச் சாத்தித் தூங்கி, எழுந்திருக்காமலே போனதைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். அதுவும் கார்பன் மோனாக்சைடு செய்த வேலைதான். கரியில் புகை தெரியாது. அதனால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிடுகிறோம்.

உங்கள் வீட்டில் புகை தங்குகிறதா?

அடுப்புக்கு மேலே கூரையைப் பாருங்கள். ஓடும் மரமும் கறுத்து, கரி ஒட்டடை தொங்குகிறதா? அடுப்பு அணைந்து அரைமணி நேரம் ஆன பின்னும் கண் எரிகிறதா? படுக்கிற இடத்துத் துணியில் புகை வாடை அடிக்கிறதா? ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் புகை வெளியே போகவில்லை என்று அர்த்தம். கூரையில் படிந்ததுதான் நெஞ்சிலும் படிகிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. முடிந்தவரை எரிவாயுவுக்கு மாறுங்கள். தமிழ்நாட்டில் 2006-க்குப் பிறகு அரசு இலவச எரிவாயு அடுப்புகளை வழங்கியது. 2016 மே 1-இல் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் தொடங்கியது. 2019-21 குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பத்து வீட்டில் எட்டு வீட்டுக்கும் மேல் புகையில்லா எரிபொருளில் சமைக்கிறார்கள். இணைப்பு இல்லாதவர்கள் மேலூரில் உள்ள எரிவாயு முகவரிடம் ஆதார், குடும்ப அட்டையுடன் போய் விசாரியுங்கள்.

2. சிலிண்டரை மூலையில் நிறுத்திவைக்காதீர்கள். டீ போட மட்டும் கேஸ். சோறு வடிக்கவும் வெந்நீர் வைக்கவும் விறகு என்று பல வீடுகளில் நடக்கிறது. செலவைப் பார்த்தால் அது புரிகிறது. ஆனால் வீட்டில் கர்ப்பிணியோ ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ இருக்கும் காலத்திலாவது வீட்டுக்குள் விறகு எரிக்க வேண்டாம். கணவர்மாரே, மாதச் செலவில் மற்றதற்கு முன்னால் இதற்குப் பணம் எடுத்து வையுங்கள்.

3. வெந்நீர் அடுப்பையும் நெல் அவிக்கும் அடுப்பையும் வெளியிலேயே வையுங்கள். மழைக்கு நாலு கம்பு நட்டு ஒரு தகரமோ கீற்றோ போட்டால் போதும். பக்கங்களை அடைக்காதீர்கள். அடுப்பு படுக்கை அறைச் சன்னலுக்கு நேராக இருக்கக்கூடாது.

4. உள்ளே விறகு எரித்தே தீர வேண்டுமென்றால் புகைக்கு வழி விடுங்கள். சூடான புகை மேலே ஏறும். ஆகவே அடுப்புக்கு மேலே, சுவரும் கூரையும் சேரும் இடத்தில் இடைவெளி வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் இரண்டு ஓட்டைத் தூக்கிச் சொருகி, மழை விழாதபடி மேலே ஒரு தகரம் வையுங்கள். எதிர்ச்சுவரில் கீழே ஒரு சன்னலோ கதவோ திறந்திருக்க வேண்டும். கீழே காற்று வந்தால்தான் மேலே புகை போகும்.

5. சாரலைப் பார்த்துச் சன்னலைத் திறவுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கிறது. அந்தப் பக்கத்துச் சன்னலைச் சாத்திக்கொள்ளுங்கள். தெற்கு, மேற்குப் பக்கத்துச் சன்னல் திறந்தே இருக்கட்டும். எல்லாவற்றையும் சாத்த வேண்டியதில்லை.

6. காய்ந்த விறகையே எரியுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் சீமைக்கருவேல் விறகைப் பிளந்து காயவைத்து, மழைக்கு முன் தரையில் படாமல் மேடையில் அடுக்கி மூடி வையுங்கள். ஈர விறகுதான் அதிகம் புகையும். அடுப்பைப் பற்றவைக்கப் பிளாஸ்டிக் பை, டயர்த் துண்டு போடவே கூடாது. அதில் வருவது விஷப் புகை.

7. எரியும் நேரத்தைக் குறையுங்கள். பருப்பை ஊறவைத்து வேகவையுங்கள். பானையை மூடி வையுங்கள். குக்கர் இருந்தால் பயன்படுத்துங்கள். சமையல் முடிந்ததும் கொள்ளியை வெளியே எடுத்து அணைத்துவிடுங்கள்.

8. சமைக்கும்போது பிள்ளையை இடுப்பிலோ மடியிலோ வைக்காதீர்கள். அடுப்பங்கரையில் தொட்டில் கட்டாதீர்கள். அந்த ஒரு மணி நேரம் பிள்ளையை வெளித்திண்ணையில் அப்பா வைத்துக்கொள்ளட்டும், அல்லது அப்பத்தா வைத்துக்கொள்ளட்டும். இதற்குக் காசு செலவில்லை.

புகையில்லா அடுப்பு

நம் பெரியவர்களுக்குப் புகைபோக்கி வைத்த மண் அடுப்பு நினைவிருக்கும். ஐதராபாத் பொறியியல் ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் எஸ்.பி. ராஜு அப்படி ஓர் அடுப்பை உருவாக்கி, அதைப்பற்றி 1953-இல் சென்னையில் நூலும் வெளியிட்டார். 1983 முதல் 2002 வரை மத்திய அரசு நாடெங்கும் இத்தகைய அடுப்புகளைப் பரப்பியது. பல வீடுகளில் அவை நிலைக்கவில்லை. குழாயில் கரி அடைத்தது, யாரும் துடைக்கவில்லை. குழாய் உடைந்தது, மாற்றவில்லை. வீட்டுப் பானை அடுப்பு வாய்க்குப் பொருந்தவில்லை.

ஆகவே புகைபோக்கி வைப்பவர்கள் மூன்றைக் கவனியுங்கள். குழாய் கூரை முகட்டைவிட உயரமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பி உள்ளே தள்ளும். மாதம் ஒருமுறை கரியைத் தட்டி எடுக்க வேண்டும். கூரை வீடாக இருந்தால் சூடான குழாய் கீற்றில் படவே கூடாது; தீப்பிடிக்கும்.

பிள்ளை பெற்ற அறை

பிள்ளை பெற்றவளைக் காற்றுப் புகாத அறையில் படுக்கவைத்து, கட்டிலுக்கு அடியில் கங்குச் சட்டி வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவு செய்து இதை நிறுத்துங்கள். பிறந்த பிள்ளையின் நுரையீரல் இப்போதுதான் வேலையைத் தொடங்கியிருக்கிறது. மூடிய அறையில் கங்கு தாய், பிள்ளை இருவர் உயிருக்கும் ஆபத்து.

பிள்ளைக்குக் கதகதப்பு வேண்டும் என்பது உண்மைதான். அதற்கு நல்ல வழி இருக்கிறது. பிள்ளையைத் தாயின் மார்போடு வெறும் மேனி படும்படி அணைத்து, இருவரையும் சேர்த்துப் போர்த்துங்கள். தலைக்குத் துணிக் குல்லாயும் காலுக்கு உறையும் போடுங்கள். எடை குறைந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுக்கும் கங்காரு முறையும் இதுதான். தாய் களைத்துவிட்டால் தகப்பனும் மார்பில் அணைக்கலாம்.

குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகையில் பிள்ளையைக் காட்டுவதும் வேண்டாம். உலர்ந்த பருத்தித் துணியால் தலையை ஒற்றித் துடைத்தால் போதும். சாம்பிராணி மணம் வேண்டுமென்றால் பிள்ளை இல்லாத நேரத்தில் போட்டு, அறையைத் திறந்துவிட்டு, புகை போன பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.

கொசுவர்த்தியும் பீடியும்

மழைக்காலத்தில் கொசுவும் கூடும். கதவைச் சாத்திக் கொசுவர்த்திச் சுருளைப் பற்றவைத்துத் தூங்குகிறோம். ஒரு சுருள் முழுதும் எரிந்தால் வரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று அளந்து சொன்னது. இரவெல்லாம் அதைச் சுவாசிப்பது தொட்டில் பிள்ளையும்தான். அதைவிடக் கொசுவலை நல்லது. ஒருமுறை வாங்கினால் பல வருடம் வரும். வீட்டைச் சுற்றித் தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், குடம் எதிலும் தண்ணீர் தேங்கவிடாதீர்கள்.

பீடி, சிகரெட் பிடிக்கும் கணவர்மாருக்கு ஒரு வார்த்தை. விட்டுவிட்டால் எல்லோருக்கும் நல்லது. விடும்வரை வீட்டுக்குள் பிடிக்காதீர்கள். மழை பெய்தாலும் குடை பிடித்து வெளியே போய்ப் பிடியுங்கள்.

சிலர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: எங்க அப்பத்தா இந்தப் புகையிலதானே எட்டுப் பிள்ளை பெத்து வளத்தாக?

பதில்: பெற்றது எட்டு, தங்கியது எத்தனை என்றும் கேட்டுப் பாருங்கள். 1971-இல் இந்தியாவில் ஆயிரம் பிள்ளை பிறந்தால் 129 பிள்ளைகள் ஒரு வயது நிறைவதற்குள் இறந்தன. 2020-இல் அது 28 ஆகக் குறைந்தது. தடுப்பூசி, ஆஸ்பத்திரிப் பிரசவம், நல்ல தண்ணீர், சாப்பாடு என்று பல காரணங்கள் சேர்ந்து குறைத்தன. மிச்சமுள்ளதையும் குறைக்க வேண்டாமா? அப்பத்தாவின் இருமலும் கண்புரையும் எங்கிருந்து வந்தன என்றும் யோசியுங்கள்.

கேள்வி: விறகடுப்புச் சோறு ருசி கேஸ்ல வருமா?

பதில்: ருசி வேண்டுமென்றால் விசேஷ நாளில் வெளியில் அடுப்பு மூட்டிச் சமையுங்கள். தினமும் மூடிய வீட்டுக்குள் வேண்டாம்.

கேள்வி: கேஸ் வெடிச்சிடும்னு பயமா இருக்கே?

பதில்: சிலிண்டரை நிமிர்த்தி வையுங்கள். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்கட்டும். ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் உடனே மாற்றுங்கள். கேஸ் வாடை அடித்தால் தீக்குச்சி கிழிக்காதீர்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கேஸ் எரியும்போதும் சன்னல் திறந்திருக்க வேண்டும்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

சளி எல்லாப் பிள்ளைக்கும் வரும். ஆனால் மூச்சை எண்ணிப் பாருங்கள். பிள்ளை அழாமல் அமைதியாக இருக்கும்போது, ஒரு நிமிடம் முழுதும் வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரம் பார்த்து எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை: 60 அல்லது அதற்கு மேல்
இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை: 50 அல்லது அதற்கு மேல்
ஒரு வயது முதல் ஐந்து வயது வரை: 40 அல்லது அதற்கு மேல்

இப்படி இருந்தால் நிமோனியாவாக இருக்கலாம். அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மேலூர் அரசு மருத்துவமனைக்கோ கொண்டுபோங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும், பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், உதடு நீலம் பூத்தாலும், அசந்து கிடந்தாலும் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கைமருந்து, வசம்பு, பிராந்தி என்று நேரம் போக்காதீர்கள்.

நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் தமிழ்நாட்டில் அரசு நிலையங்களில் இலவசமாகப் போடப்படுகிறது. ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம் என்று மூன்று தவணை. தவறவிட்டிருந்தால் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள்; அதுவும் பிள்ளைக்கு ஒரு காப்பு.

இன்றே தொடங்குங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய முடியாது. இன்று ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் இருவரும் அடுப்பங்கரையில் நின்று மேலே பாருங்கள். புகை போக வழி எங்கே இருக்கிறது? இல்லையென்றால் எந்த ஓட்டைத் தூக்கலாம்? அடுத்த மழைக்கு வெந்நீர் அடுப்பு எங்கே போகும்? பிள்ளையை அந்த நேரம் யார் வைத்துக்கொள்வது? இந்த நான்குக்கும் இன்றே பதில் பேசி முடிவு செய்யுங்கள். நாளைக் காலையில் ஒன்றையாவது செய்துவிடுங்கள்.

குளிருக்குப் போர்வை போதும். புகைக்குத் திறந்த சன்னல் வேண்டும்.